அளவறிந்த ஆற்றல்

நுழையும்முன்

மோட்டார் சைக்கிளைக் காணும் இளைஞரிடம் எழும் முதல் வினா, “இது எவ்வளவு வேகம் போகும்?” என்பதாகும். பல ஆண்டுகள் ஊர்தி ஓட்டிப் பழகியவரோ, “இது சொன்னபடி கேட்குமா?” என்று வினவுவார். முதல் வினா ஆற்றலைப் பற்றியது. இரண்டாவது வினா நம்பகத்தைப் பற்றியது. நாள்தோறும் ஓட்டுவதற்கும் புதிதாகப் பழகுவதற்கும் ஏற்ற ஊர்தியிடம் எதிர்பார்க்கத்தக்க பண்புகள் யாவை? சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பிறந்து உலகெங்கும் ஓடும் 350 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்பது இப்பாடம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் என்னும் ஊரில் மிதிவண்டிகளைச் செய்துவந்த என்ஃபீல்டு நிறுவனம், 1901ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. அந்நிறுவனம் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி உறுப்புகளை வழங்கிய வரலாறு உடையது. ஆகையால், ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதையே தன் விளம்பரத் தொடராகவும் அது கொண்டிருந்தது. 1932ஆம் ஆண்டு அறிமுகமான வகைக்குப் ‘புல்லட்’ எனப் பெயர் அமைந்ததும் அவ்வழியிலேயே ஆகும்.

விடுதலைக்குப் பின்னர், இந்தியப் படையின் எல்லைக் காவல் பணிக்குக் கரடுமுரடான பாதைகளில் செல்லத்தக்க உறுதியான ஊர்தி தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் 350 கன செ.மீ. புல்லட் வகை அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தேவையை ஒட்டி, 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த உறுப்புகள் திருவொற்றியூரில் பொருத்தப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் அனைத்து உறுப்புகளையும் இங்கேயே செய்யும் நிலை ஏற்பட்டது.

காலம் மாறியது. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி முற்றிலும் நின்றுபோனது. தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் திருவொற்றியூர்த் தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது. 1970களின் இறுதியில், புல்லட் பிறந்த இங்கிலாந்துக்கே சென்னையிலிருந்து புல்லட்டுகள் ஏற்றுமதியாயின. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அந்நிறுவனத்திற்குப் பெரிய தொழிற்சாலைகள் உள்ளன.

நடுத்தரம் என்பது எது?

மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அளக்கும் முதன்மை அலகு அதன் கொள்ளளவாகும். உருளையின் உள்ளே பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைவரை நகரும்போது கடக்கும் இடத்தின் பருமனே கொள்ளளவு எனப்படும். இதனையே பேச்சு வழக்கில் ‘சி.சி.’ என்கிறோம். இன்றைய புல்லட் எஞ்சினின் உருளை விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 85.8 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் வாய்பாட்டில் இவ்விரு எண்களையும் இட்டால் ஏறத்தாழ 349 கன செ.மீ. என்னும் விடை கிடைக்கும்.

நாட்டுக்கு நாடு இப்பிரிவுகளின் எல்லை மாறுபடும். இந்திய வணிக வழக்கில் 250 முதல் 750 கன செ.மீ. வரையிலான ஊர்திகளை நடுத்தரப் பிரிவில் அடக்குவர். 100 முதல் 125 கன செ.மீ. வரையிலான ஊர்திகள் எடை குறைந்தவை. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுபவை. அன்றாடம் ஊருக்குள் சில கிலோமீட்டர் மட்டும் செல்பவருக்கு அவையே போதும். ஆயின், நகர நெரிசலையும் நெடுஞ்சாலையையும் மலைப்பாதையையும் ஒரே ஊர்தியில் கடக்க வேண்டியவருக்கு, பின்னால் ஒருவரை அமர்த்திச் சுமையுடன் செல்ல வேண்டியவருக்கு, சிறிய எஞ்சின் மூச்சுத் திணறும். மிகப் பெரிய எஞ்சினோ புதியவரின் கைக்கு அடங்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தேவையை நிறைவு செய்வதே நடுத்தர ஊர்தியின் பணியாகும்.

திருப்புவிசையும் திறனும்

ஓர் எஞ்சினின் இயல்பை அறிய இரண்டு அளவுகள் உதவுகின்றன. ஒன்று திருப்புவிசை, மற்றொன்று திறன். கிராங்க் தண்டை எஞ்சின் எவ்வளவு வலிமையாகத் திருப்புகிறது என்பதைத் திருப்புவிசை காட்டும். அவ்வலிமையை எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்பத் தருகிறது என்பதைத் திறன் காட்டும். கிணற்றில் நீர் இறைப்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். நிறைந்த குடத்தை இழுக்கும் வலிமை திருப்புவிசையைப் போன்றது. ஒரு மணி நேரத்தில் எத்தனைக் குடம் இறைக்க முடிகிறது என்பது திறனைப் போன்றது.

புல்லட் 350 எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளில் 27 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத் தருகிறது. 6,100 சுற்றுகளில் 20.2 குதிரைத்திறனை எட்டுகிறது. இதே கொள்ளளவை ஒட்டிய பந்தய இயல்புடைய எஞ்சின்கள் இதனைப்போல் இருமடங்கு திறன் தருவதும் உண்டு. அவ்வாறாயின் இந்த எஞ்சின் எவ்வகையில் சிறந்தது? பந்தய இயல்புடைய எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்ட மிக உயர்ந்த சுழற்சி வேகத்தை எட்ட வேண்டும். புல்லட் எஞ்சினோ குறைந்த சுழற்சியிலேயே தன் வலிமையின் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. விட்டத்தைவிடப் பிஸ்டன் நகரும் தொலைவு மிகுந்திருப்பதும், சுழற்சியைச் சீராகத் தொடரச் செய்யும் கனத்த சுழல்சக்கரமும் இவ்வியல்புக்குத் துணைநிற்கின்றன.

புதிதாகப் பழகுபவருக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. பழகும் முதல் வாரத்தில் ஒருவர் எதிர்கொள்ளும் இடர், கிளட்ச்சை விடும்போது எஞ்சின் அணைந்துபோவதாகும். கிளட்ச் என்பது சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைக்கும் உறுப்பு. அதனைத் திடீரென விட்டால் சக்கரத்தின் சுமை முழுவதும் எஞ்சின்மீது ஒரே கணத்தில் விழும். குறைந்த சுழற்சியில் வலிமை இல்லாத எஞ்சின் அச்சுமையைத் தாங்காமல் அணைந்துவிடும். அதற்கு அஞ்சிப் புதியவர் ஆக்சிலரேட்டரை மிகுதியாக முறுக்கினால் ஊர்தி துள்ளிப் பாயும். குறைந்த சுழற்சியிலேயே வலிமையுடைய எஞ்சின் இவ்விரு பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பழகுபவரின் தவற்றைப் பொறுக்கும் இக்குணமே தொடக்கநிலையினருக்கு ஏற்ற ஊர்தியின் முதல் இலக்கணம் எனலாம்.

மலைப்பாதையிலும் இக்குணம் பயன்படுகிறது. கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, மீண்டும் ஏற்றத்தில் எழ வேண்டும். குறைந்த சுழற்சியில் வலிமையுடைய எஞ்சின் அடிக்கடி கியரை மாற்றும் தேவையைக் குறைக்கிறது. இறங்கும்போது கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மூடினால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதனால் பிரேக் சூடேறித் தளராமல் காக்கப்படுகிறது.

நம்பகம் உருவான வழி

உறுதியானது என்று புகழ்பெற்ற இவ்வூர்தி தொடக்கம் முதலே குறையின்றி இருந்தது என எண்ணுதல் கூடாது. பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு கலையாக இருந்தது. ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி உருளையின் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். அதன்பின் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் எதிர்த்து உதைத்துக் காலைப் பதம்பார்க்கும். எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிவது வழக்கமாக இருந்தது. அதிர்வினால் திருகாணிகள் தளர்ந்தன. கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்ததால், பிற ஊர்திகளில் பழகியவர் தடுமாற நேர்ந்தது.

இக்குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. 2008ஆம் ஆண்டிற்குப் பின், எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டிற்குள் அடக்கிய புதிய வடிவமைப்பு வந்தது. கசிவதற்குரிய இணைப்புகள் குறைந்தன. 2020ஆம் ஆண்டு அறிமுகமான அடுத்த தலைமுறை எஞ்சினில், பிஸ்டனின் அதிர்வுக்கு எதிராகச் சுழன்று அதனைத் தணிக்கும் சமன்செய் தண்டு இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டில் புல்லட் 350 இந்த எஞ்சினைப் பெற்றது. கார்புரேட்டருக்கு மாற்றாக, தேவையான எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு முறை அமைந்தது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் இயங்குகிறது. கியரும் பின் பிரேக்கும் பிற ஊர்திகளைப்போல் இடமாறின.

மாற்றங்களுக்கிடையே மாறாத பண்பு ஒன்றும் உண்டு. அது எளிமையாகும். ஒரே உருளை, இரண்டே வால்வுகள், காற்றினாலும் எண்ணெயினாலும் குளிர்தல் என்னும் அமைப்பில் உறுப்புகளின் எண்ணிக்கை குறைவு. உறுப்புகள் குறைந்தால் பழுதடைவதற்கான வாய்ப்பும் குறையும். எஞ்சின் தன் எல்லைவரை விரட்டப்படாமல், இயன்றதைவிடக் குறைவாகவே பணி செய்யுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இயன்றது அனைத்தையும் ஒரே நாளில் செலவிடுபவர் விரைவில் களைப்பர். அளவறிந்து உழைப்பவர் நெடுநாள் நிலைப்பர். எஞ்சினுக்கும் இவ்விதி பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறை எரிபொருள் எரியும். நிமிடத்திற்கு 1,000 சுற்றுகளில் எஞ்சின் இயங்கும்போது 500 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ எட்டு முறை எரிதல் நிகழ்கிறது. ஒரே உருளை மட்டும் இருப்பதால் இவ்வோசைகளுக்கு இடையே இடைவெளி தெளிவாகக் கேட்கிறது. புல்லட்டுக்கே உரிய ‘டப் டப்’ ஓசைக்குக் காரணம் இதுவே. அதன் எரிபொருள் தொட்டியில் காணப்படும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் கைவினைஞர்கள் தூரிகையால் கையாலேயே வரைந்து வந்துள்ளனர்.

எடை என்னும் ஆசான்

இன்றைய புல்லட் 350 ஊர்தியின் எடை 195 கிலோ. 100 கன செ.மீ. ஊர்திகள் பலவற்றின் எடை ஏறத்தாழ 110 கிலோவே. இவ்வேறுபாடு புதியவர் கருத்தில் கொள்ள வேண்டிய முதன்மையான செய்தியாகும். ஊர்தி ஓடும்போது சக்கரங்களின் இயக்கமே அதனை நிமிர்த்தி நிறுத்துவதால் எடை தெரிவதில்லை. நிற்கும்போதும், தள்ளும்போதும், குறுகிய இடத்தில் திருப்பும்போதும் அவ்வெடை முழுவதையும் ஓட்டுபவரே தாங்க வேண்டும். ஓரிடத்தில் நிற்கும் ஊர்தி சற்றே சாய்ந்தால் எளிதில் நிமிர்த்தலாம். ஓர் எல்லையைக் கடந்து சாய்ந்துவிட்டால் வலிமையுடையவராலும் தடுத்தல் அரிது.

எனவே, இருக்கையின் உயரம் இன்றியமையாத அளவாகிறது. புல்லட்டின் இருக்கை தரையிலிருந்து 805 மி.மீ. உயரத்தில் உள்ளது. நிறுத்தக் குறியீட்டின் முன் நிற்கும்போது இரு பாதங்களும் உறுதியாகத் தரையில் பதிந்தால்தான் புதியவருக்கு அச்சம் நீங்கும். ஊர்தியைத் தேர்ந்தெடுப்பவர் அதன் விலையையும் தோற்றத்தையும் காண்பதற்கு முன், அதன்மீது அமர்ந்து பாதங்கள் தரையில் பதிகின்றனவா எனக் காண வேண்டும். எஞ்சினை இயக்காமல், ஊர்தியின் இடப்புறம் நின்று அதனைத் தள்ளிச் சென்று திருப்பிப் பழகுதல் முதல் பாடமாக அமைய வேண்டும். தன்னைவிட எடைமிக்க ஒன்றை வலிமையால் அன்றி, சமநிலையால் ஆள வேண்டும் என்பதை இப்பயிற்சி கற்பிக்கும்.

நிற்பதற்குக் கற்றல்

ஊர்தியை ஓட்டக் கற்பதில் பெரும்பகுதி அதனை நிறுத்தக் கற்பதே ஆகும். ஒரு பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும் என இயற்பியல் கூறுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 60 கி.மீ. ஆக்கினால் வேகம் இருமடங்காகிறது. பிரேக் அழிக்க வேண்டிய ஆற்றலோ நான்கு மடங்காகிறது.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். இடையூற்றைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். உலர்ந்த சாலையில் பிரேக்கினால் நொடிக்கு நொடி 6 மீட்டர் என்னும் வீதத்தில் வேகம் குறைகிறது எனவும் கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவர் அந்த ஒரு நொடியில் 8 மீட்டரைக் கடந்து, மேலும் 6 மீட்டரில் நிற்பார்; மொத்தம் 14 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் முதல் நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரையும், பின்னர் 23 மீட்டரையும் கடப்பார். மொத்தம் 40 மீட்டர். தெருவில் உருண்டு வரும் பந்தைத் தொடர்ந்து ஒரு குழந்தை 20 மீட்டர் தொலைவில் ஓடிவந்தால், முதலாமவர் குழந்தைக்கு முன்பே நின்றுவிடுவார். இரண்டாமவரோ, பிரேக் தன் பணியைத் தொடங்கி 3 மீட்டரே கடந்த நிலையில் குழந்தையை எட்டியிருப்பார். அப்போது அவருடைய வேகம் ஏறக்குறைய முழுமையாக இருக்கும்.

பிரேக்கைப் பிடிக்கும்போது ஊர்தியின் சுமை முன்சக்கரத்திற்கு மாறுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே, நிறுத்தும் வலிமையின் பெரும்பங்கு முன் பிரேக்கிடம் உள்ளது. அதனைத் திடீரென இறுகப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். இவ்விடரைத் தவிர்க்க, சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலையை உணர்ந்து, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் ‘ஏ.பி.எஸ்.’ என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட இருசக்கர ஊர்திகள் அனைத்திற்கும் இது கட்டாயமாகும். சக்கரம் வழுக்குவதை இவ்வமைப்பு தடுக்கும். மிகுந்த வேகத்தால் நீளும் நிறுத்தத் தொலைவை இதனால் இல்லாமற் செய்ய இயலாது.

பேணுதல்

நம்பகம் என்பது தொழிற்சாலையில் மட்டும் உருவாவதன்று. ஊர்தியை உடையவரின் கையிலும் அது உள்ளது. நாள்தோறும் புறப்படுமுன் செலவிடும் இரண்டு நிமிடங்கள் பல இடர்களைத் தவிர்க்கும். டயரின் காற்றும் அதன் தேய்மானமும், முன் பின் பிரேக்குகளின் பிடிப்பு, விளக்குகளின் இயக்கம், செயினின் தளர்வு ஆகியவற்றைக் காண்பது அடிப்படை. தளர்ந்த செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடலாம். மிகை இறுக்கமோ செயினையும் பல்சக்கரத்தையும் தேய்க்கும். எஞ்சின் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சினில் எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு வெப்பத்தையும் கடத்துகிறது. அதன் அளவு குறைந்தால் இரு பணிகளும் கெடும். இவற்றின் அளவுகள் யாவும் ஊர்தியுடன் தரப்படும் கையேட்டில் உள்ளன. பலர் ஒருமுறையும் திறந்து பாராத நூல் அதுவேயாகும்.

ஓட்டுபவரின் நம்பகம்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். இவ்வெண்ணுக்குப் பின்னால் திரும்பி வராத மகனும், காத்திருந்த தாயும், படிப்பை நிறுத்திய தங்கையும் உள்ளனர்.

சட்டம் இதனை உணர்ந்தே வரம்புகளை வகுத்துள்ளது. 50 கன செ.மீ.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளைப் பொதுச் சாலையில் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமமும் பின்னர் ஓட்டுநர் உரிமமும் பெற வேண்டும். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயம். உரிய வயதை எட்டாதவர் ஊர்தி ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அவருடைய பெற்றோரோ ஊர்தியின் உரிமையாளரோ பொறுப்பேற்க நேரும். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் அதற்கு விதிக்கப்படலாம். மேலும், அவ்விளைஞர் 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. ஓராண்டு காத்திருக்க மறுப்பவர் எட்டாண்டு காத்திருக்க நேரிடும்.

காத்திருக்கும் காலம் வீண்காலம் அன்று. எஞ்சின் இயங்கும் முறையை அறியவும், சாலைக் குறியீடுகளைக் கற்கவும், மிதிவண்டியில் சமநிலையையும் சாலை ஒழுங்கையும் பழகவும் அக்காலம் பயன்படும்.

நடுத்தர மோட்டார் சைக்கிளின் சிறப்பு, இயன்ற வேகம் அனைத்தையும் அது காட்டாமலிருப்பதில் உள்ளது. தேவையான இடத்தில் வலிமை, மற்ற இடத்தில் அமைதி, பிழையைப் பொறுக்கும் தன்மை, நாள்தோறும் தவறாத உழைப்பு ஆகியனவே அதன் நம்பகத்திற்கு அடிப்படை. இவை அனைத்தும் அமைந்த ஊர்தியும் அதன் கைப்பிடியைப் பற்றியவரின் அளவிற்கே நம்பகமானது. அளவறிந்த ஊர்தியும் அளவறிந்த ஓட்டுநரும் இணையும்போது, புறப்பட்டவர் வீடு திரும்புவார். பயணத்தின் பயன் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள இருசக்கர ஊர்தி பழுதுநீக்குநர் ஒருவரைக் கண்டு, பராமரிப்பின்மையால் அடிக்கடி நேரும் பழுதுகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. பாடத்தில் உள்ள கணக்கைப் பின்பற்றி, மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தியின் நிறுத்தத் தொலைவைக் கண்டறிந்து வகுப்பில் விளக்குக.

3. ‘விரைவா, நிறைவா?’ என்னும் தலைப்பில் சாலைப் பாதுகாப்பு குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.